'துமிழ்' என்று எழுதிய மடிக்கணினி

மூன்று வார இறுதிகளை விழுங்கிய ஒரு சிக்கல், கடந்த ஞாயிறு இரவு இரண்டே இரண்டு 'டிக்' அடையாளங்களை நீக்கியதும் தீர்ந்துபோனது. அதை எழுதிவைக்காவிட்டால் அடுத்த முறை நானே மறந்துவிடுவேன் என்பதால் இந்தப் பதிவு.

கணினி என்னுடையது அன்று; கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமாவுடையது. 2013 இல் வாங்கப்பட்ட, மூன்றாம் தலைமுறை கோர் ஐ3 செயலியும் 4 ஜிபி ரம்மும் கொண்ட மடிக்கணினி அது. விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கில் எடுக்கிறது. பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்பதை விளக்கியபோது, "அப்ப வாற வருசமும் இதே கதைதானே?" என்று மாமா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் 22.2 இன், பழைய கணினிகளுக்கும் இலகுவான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைத் தெரிவு செய்தோம். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு ஓர் எஸ்எஸ்டி போடுவதென்று முடிவு செய்து, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் "இதற்கு எஸ்எஸ்டி போடுவது வீண், புதியது எடுங்கள்" என்று இருபது நிமிடம் வகுப்பு நடத்தினார்கள். அடுத்த கடையில் ஒன்றும் பேசாமல் எடுத்துத் தந்தார்கள். வாங்கப் போகிறவர்கள் தடிப்பையும் கவனித்துக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்டி 7 மில்லிமீற்றர். பழைய மடிக்கணினிகளில் டிஸ்க் வைக்கும் பள்ளம் பெரும்பாலும் 9.5 மில்லிமீற்றர். இடைவெளியை நிரப்பும் பிளாஸ்டிக் சட்டம் அந்தப் பெட்டிக்குள் இல்லாததால், ஒரு கல்யாண அழைப்பிதழின் அட்டையை மடித்துச் செருகினேன். இன்றுவரை ஆட்டமில்லை.

நிறுவலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வைஃபை முதலில் வேலை செய்யவில்லை. கைத்தொலைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து இணையம் கொடுத்து, டிரைவர் மனேஜரில் உரிய டிரைவரைத் தெரிவு செய்ததும் அது சரியாகிவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த தொடக்கம் இப்போது அரை நிமிடத்துக்குள் முடிகிறது.

உண்மையான போராட்டம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவோடு தொடங்கியது. மாமா வேலை செய்த காலத்தில் தட்டச்சுப் பொறியில் பழகியவர். ஓய்வுபெற்ற பின் அயலவர்களுக்கு மனுக்களும் கோயிலுக்கு அறிவித்தல்களும் எழுதிக் கொடுக்கிறார். பதினைந்து வருடக் கடிதங்கள் அனைத்தும் பாமினி எழுத்துருவில் உள்ளன. எழுத்துருக் கோப்பைப் பிரதி செய்து, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டியதும், வேர்டு போன்ற லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் பழைய கடிதங்கள் எல்லாம் அப்படியே தெரிந்தன. வெற்றி என்று நினைத்துத் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை தொலைபேசி அழைப்பு வந்தது.

"என்ன மருமகன், என்ர தமிழை உடைச்சுப்போட்டீரே?"

புதிதாக எழுதும் பந்திகளில் முதல் எழுத்து மாறிவிடுகிறது என்பதே முறைப்பாடு. 'தமிழ்' என்று தொடங்கினால் 'துமிழ்' என்று வருகிறது; 'பணம்' 'புணம்' ஆகிறது; 'மகன்' 'முகன்' ஆகிறான். பந்தியின் நடுவில் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஆனால், சில சமயம் நடுவிலும் 'குருக்கள்' என்று அடித்தால் 'குரக்கள்' என்று வருகிறது. கோயில் அறிவித்தலில் இது நேர்ந்ததுதான் அவருக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

நான் போய்ச் சோதித்தபோது ஒரு பிழையும் தெரியவில்லை. க, த, ம என்று ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக விழுந்தன. எழுத்துருவின் பதிப்புத்தான் பழுதென்று வேறு பாமினிக் கோப்பைத் தேடிப் போட்டேன். விசைப்பலகை அமைப்பை இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கும் திரும்ப இங்கிலாந்துக்கும் மாற்றினேன். மாமாவின் விரல் தவறி ஷிஃப்ட் விசையில் படுகிறதோ என்றும் சந்தேகப்பட்டேன். அதை அவரிடம் சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று. இப்படி இரண்டு வார இறுதிகள் போயின.

மூன்றாம் முறை அவரையே அடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டச்சுப் பொறியில் பழகிய அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. கையெழுத்துப் பிரதியைப் பார்த்தபடியே அடிப்பார். 'தமிழ' வரை சரியாக இருந்தது. புள்ளி விழுந்த அதே கணத்தில் 'த' 'து'வாகப் புரண்டது. உடனே அந்தச் சொல்லைத் தெரிவு செய்து எழுத்துருவை ஓர் ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்தும் இருந்தன. ஆனால் ஜே மட்டும் பெரிய எழுத்தாக நிமிர்ந்து நின்றது.

பாமினியில் அடித்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. சிறிய ஜே 'த' என்றால் பெரிய ஜே 'து'. சிறிய எஃப் 'க' என்றால் பெரிய எஃப் 'கு'. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தம், மாமாவின் மனுவை ஓர் ஆங்கிலக் கடிதம் என்று நம்பித் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. சொல் முடிந்த அடையாளம் கிடைத்த பின்னரே அது திருத்தும். மெய்யெழுத்தின் புள்ளியைப் பாமினி அரைப்புள்ளி விசையில் வைத்திருப்பதால், புள்ளி வைப்பதே அதற்குப் போதிய அடையாளமாகிவிடுகிறது. நான் புள்ளியோ இடைவெளியோ இல்லாமல் தனி எழுத்துகளை அடித்துச் சோதித்ததால்தான் எனக்கு அது பிடிபடவில்லை. 'குருக்கள்' விடயத்தில் குற்றவாளி வேறு: சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்துகள் வந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கும் விதி. 'கு', 'ரு' இரண்டும் ஷிஃப்ட் எழுத்துகள் ஆகையால் 'ரு' 'ர'வாகச் சுருங்கியது.

தானியங்கித் திருத்தத் தெரிவுகளில் இந்த இரண்டையும் நீக்கினேன், அவ்வளவுதான். ரைட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டிப் பார்த்தபோது, வேர்டிலும் இதே இரண்டு தெரிவுகள் இருந்தன. யாரோ அவற்றை என்றோ நீக்கி வைத்திருந்தார்கள். யாரென்று மாமாவுக்கும் நினைவில்லை. கூடவே எழுத்துப்பிழைச் சோதனையையும் நிறுத்திவிட்டேன். பக்கம் முழுவதும் சிவப்பு நெளிகோடு ஓடுவதைப் பார்த்து, வாத்தியார் திருத்திய கொப்பி போல இருக்கிறதென்று அவர் சொல்லியிருந்தார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால், அந்தக் கடிதங்களை, தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றும் ஆசை எனக்கு வந்துவிட்டது. இணையத்தில் மாற்றிகள் உண்டு என்றாலும், பிறருடைய அடையாள அட்டை இலக்கங்களும் காணித் தகராறுகளும் நிறைந்த மனுக்களை இணையத்தில் ஒட்ட மனம் வரவில்லை. எனவே பைத்தான் நிரல்மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதுகிறேன். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னும் யூனிகோடில் பின்னும் வருவதால், நீண்ட சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட வேண்டும் என்பதுவரை சுலபம். பிறகு 'வெள்ளவத்தை' வந்தது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள'வும் ஒரே விசை. ஆகவே என் நிரல் அந்தப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளை 'வௌ' என்று சேர்த்து, அதன் தலையில் புள்ளியையும் வைத்துவிட்டது. அந்த 'ள'வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது தனி எழுத்து, இல்லாவிட்டால் ஔகாரம் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். 'வெள்ளவத்தை', 'வெளி', 'கௌரி', 'பௌர்ணமி' நான்கும் இப்போது சரியாக வருகின்றன.

எழுதும்போது நேரடியாக யூனிகோடில் எழுத, லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சுச் செய்ய உதவும் ஐபஸ் எம்17என் பொதியில், இலங்கையில் பயன்படும் றெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு உண்டு. மாமாவின் விரல்கள் அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன், உண்மையைச் சொன்னால், அச்சுப்பொறி இன்னும் வேலை செய்யவில்லை. லினக்ஸ் டிரைவர் பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாத ஒரு மொடல் அது. இப்போதைக்கு மாமா கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு சந்தியில் உள்ள போட்டோகொப்பிக் கடைக்கு நடந்து போகிறார். வரும் போயா விடுமுறையில் அதனோடு மோதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.