திட்டாத டாக்டர்

எங்கள் டாக்டர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. அவரோடு வேலை பார்த்தவர்கள் அவருடைய எளிமை, ஜெபம், கைராசி என்று நிறையப் பேசிவிட்டார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்கிற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரே புண்ணோடு திரும்பத் திரும்ப வந்து நிற்கிற நோயாளியை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

நான் அங்கே பிசியோதெரபி டெக்னீஷியன். வேலூர் பக்கம் கரிகிரியில் உள்ள தொழுநோய்ப் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்துவிட்டு 1987இல் வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வருகிறவர்களின் கை, கால், கண் மூன்றையும் பார்ப்பது, முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா, எந்த விரலில் பலம் குறைந்திருக்கிறது, பாதத்தில் எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்று குறித்து வைப்பது, அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு விரலை மடக்கி நீட்டப் பழக்குவது, இதுதான் என் வேலை. டாக்டர் எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டவர். வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். அங்கே திருச்சபை மூலமாக இடம் வாங்கிப் படிக்கிறவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். அப்படி இரண்டு வருடத்துக்கு வந்தவர், ஓய்வு பெறுகிறவரை அங்கேயே இருந்துவிட்டார்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். தொழுநோய்க் கிருமி தோலையும் நரம்பையும் பிடிக்கிறது. 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு, நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ அதற்கு மேலோ மாத்திரை சாப்பிட்டால் கிருமி செத்துவிடும். ஆனால் அதற்குள் கெட்டுப்போன நரம்பு பெரும்பாலும் திரும்ப வராது. உள்ளங்காலில் உணர்ச்சி இல்லாதவர் செருப்புக்குள் ஒரு ஆணி ஏறியிருந்தால் நாள் முழுக்க அதன் மேலேயே நடப்பார், சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஆணியே வேண்டாம், நடந்து நடந்து ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தாலே கொப்புளமாகிப் புண்ணாகிவிடும். நமக்கென்றால் வலிக்கும், நொண்டுவோம், உட்கார்ந்துவிடுவோம். அவர்களுக்கு உட்காரச் சொல்ல வலி இல்லை.

புண் ஆற ஓய்வு வேண்டும். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வார்டில் வைத்தால் சில வாரங்களில் அழகாக ஆறிவிடும். ஊருக்குப் போவார்கள். மூன்றாம் மாதம் அதே காலில் அதே இடத்தில் புண்ணோடு வந்து நிற்பார்கள். பிளாஸ்டர் போட்டவருக்கு எரிச்சல், டிரஸ்ஸிங் செய்த சிஸ்டருக்கு எரிச்சல். "எத்தனை தடவை சொல்றது? தண்ணியில கால ஊற வெச்சீங்களா? எண்ணெய் தடவினீங்களா? கால தூக்கிப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடும். அது அக்கறையில் வருகிற கோபம்தான், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் திட்டு வாங்கியவர் அடுத்த தடவை புண் வந்தால் மறைப்பார். துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். கடைசியில் எலும்பு வரைக்கும் சீழ் இறங்கின பிறகு, காய்ச்சலில் யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நிலையில் காலைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

டாக்டர் இதை மருத்துவக் காரணமாகவும் சொல்வார், ஆனால் அவருக்கு அது அங்கிருந்து வரவில்லை. காலை எட்டு மணிக்கு ஓ.பி. திறக்கும் முன் சிற்றாலயத்தில் ஜெபம் இருக்கும். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நான் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறவன், அப்படியே பின் வரிசையில் போய் உட்கார்ந்திருப்பேன், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் அவர் பேச வேண்டிய முறை. என் சகோதரன் தப்பு செய்தால் எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்று பேதுரு கேட்க, ஏழெழுபது தரம் என்று இயேசு சொல்லும் இடத்தை வாசித்தார். அப்புறம் சொன்னார்: "நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க தப்பு எதுவும் பண்ணல. அவங்களுக்கு வலி இல்ல, அவ்வளவுதான். தப்பு பண்ணவனையே கணக்குப் பார்க்காதேன்னு ஆண்டவர் சொல்றார். தப்பே பண்ணாதவங்ககிட்ட நாம எதுக்குக் கணக்குப் பார்க்கிறோம்?" ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. எழுந்து ஓ.பி.க்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு கட்டளையும் வந்தது. நோயாளியின் கேஸ் ஷீட்டில் 'கவனக்குறைவால் புண்' என்று யாரும் எழுதக் கூடாது. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எவ்வளவு தூரம் நடந்தார், என்ன வேலை செய்தார், எந்தச் செருப்பு போட்டிருந்தார், வீட்டில் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, யார் எடுத்து வருகிறார்கள். முதலில் எங்களுக்கு அது கூடுதல் வேலையாகத்தான் இருந்தது. ஒருவரிடம் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசாமல் எழுத முடியாது. அவர் எதிர்பார்த்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு பால் பிராண்ட் கதையைச் சொல்லாமல் விட மாட்டார். பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர், மிஷனரி தம்பதியின் மகன், லண்டனில் மருத்துவம் படித்து 1946இல் வேலூருக்கு வந்த அறுவை சிகிச்சை டாக்டர். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று அப்போது டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை, உணர்ச்சி போன கையில் படும் காயங்களும் சூடும் கிருமித்தொற்றும்தான் விரலைச் சிறுகச் சிறுகத் தின்கின்றன என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். சிலருக்கு இரவில் படுத்து எழுந்தால் விரல் நுனி காணாமல் போயிருந்தது. ஏன் என்று தெரியாமல், ராத்திரி விழித்திருந்து காவல் பார்த்தார்கள். எலி வந்து விரலைக் கடித்துக்கொண்டிருந்தது, தூங்கியவருக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து ஊருக்குப் போகிறவர்களோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு எங்கள் டாக்டர் கேட்பார்: "நோயாளி மேல பழி போட்டிருந்தா யாராவது ராத்திரி கண் முழிச்சிருப்பாங்களா?"

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று நான் தெரிந்துகொண்டது ஒரு அம்மாவால். செங்கல் சூளையில் வேலை செய்தவர், ஐம்பது வயதுக்குப் பக்கம். வலது காலில் கட்டை விரலுக்குக் கீழே புண். ஆறிப்போய், திரும்ப வந்து, ஆறிப்போய், திரும்ப வந்து, வார்டில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தோம். உள்ளே மெத்தென்று ஒரு ரப்பர் இருக்கும், பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும், இந்த நோயாளிகளுக்கு உயிர்நாடி அது. அதைப் போட்டும் ஏன் புண் வருகிறது? டாக்டர் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தடித்த தோலைக் கத்தியால் மெல்லச் சீவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா, மாப்பிள்ளை என்ன செய்கிறார், மழை பெய்ததா என்று. அந்த அம்மா முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். அரை மணி நேரம் கழித்துத்தான் விஷயம் வந்தது. "செருப்பு போட்டுட்டு மக வீட்டுக்குப் போவ முடியலங்கய்யா. கறுப்புச் செருப்பு, ரெண்டு பட்டை வெச்சது, பாத்த ஒடனே அந்த ஆஸ்பத்திரிச் செருப்புன்னு ஊருக்கே தெரிஞ்சிடுது. சம்பந்தி வூட்ல என்ன நெனைப்பாங்க? அதான் ஊர் எல்லையில கழட்டிப் பையில போட்டுக்குவேன்."

எத்தனை முறை படுத்திருக்கிறார், எத்தனை பேர் அறிவுரை சொல்லியிருக்கிறோம், ஒருவருக்கும் இதை அவர் சொல்லவில்லை. டாக்டர் "சரிம்மா" என்றார், அவ்வளவுதான். டிரஸ்ஸிங் முடிந்ததும் அவரே காலணிப் பிரிவுக்கு நடந்து போனார். அங்கே செருப்பு தைக்கிறவரும் பழைய நோயாளிதான். கடையில் பெண்கள் போடுகிற சாதாரண செருப்பு மாதிரி மேல்பட்டை வைத்து, உள்ளே எம்.சி.ஆர். ஒட்டி, பின்னால் கழன்று விழாமல் ஒரு மெல்லிய வார் வைத்துத் தைக்க முடியுமா என்று இருவரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் ஜோடி கால் அகலத்துக்குப் பொருந்தவில்லை. அடுத்தது பொருந்தியது. பிறகு அந்த அம்மாவுக்குப் புண்ணே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, ஆனால் வெகுநாள் கழித்து, அதுவும் கொப்புளமாக இருக்கும்போதே தானாக வந்து காட்டினார். எனக்கு அந்தக் கொப்புளம்தான் பெரிய வெற்றி.

மதம் மாற்றத்தான் இவர்கள் சேவை செய்கிறார்கள் என்று வெளியே பேசுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கை விரல்கள் மடங்கிப்போன ஒரு இளைஞர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர், வேறு வேலை செய்கிற தசைநாரை மாற்றி வைத்து விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அது. "நான் சர்ச்சுக்கு வந்தா சீக்கிரம் பண்ணுவீங்களா டாக்டர்?" என்று கேட்டார். அவர் லிஸ்டை எடுத்துக் காட்டினார். "தம்பி, உன் பேரு அஞ்சாவது. சர்ச்சுக்கு வந்தாலும் அஞ்சாவது, வரலன்னாலும் அஞ்சாவது. இப்போ விரலுக்குப் பயிற்சி செய், அதுதான் ஆபரேஷனுக்கு உதவும்." அறுவை சிகிச்சை அன்று தியேட்டரில் வழக்கப்படி, "நான் ஜெபம் பண்றேன், உங்களுக்குச் சம்மதமா?" என்று அவரிடமும் கேட்டார். நீங்கள் உங்கள் சாமியைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்பார், எல்லோரிடமும். இரண்டு பேரும் ஒரு நிமிடம் கண்ணை மூடுவார்கள், பிறகு கத்தியைக் கையில் எடுப்பார்.

அவருக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஊழியர் மாத்திரை அட்டையை நோயாளி கையில் கொடுக்காமல் மேசையில் போட்டார். மடங்கிய விரலை வைத்துக்கொண்டு அவர் அதை எடுக்கத் தடுமாறினார். டாக்டர் எழுந்து வந்து அட்டையை எடுத்து அந்தப் பெரியவர் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடிவிட்டு, ஊழியரைப் பார்த்து, "இயேசு குஷ்டரோகியைத் தொட்டுட்டுத்தான் சுகமாக்கினார். தூரமா நின்னே செஞ்சிருக்க முடியாதா?" என்று சத்தமாகவே கேட்டார். முகம் சிவந்திருந்தது. அந்த ஊழியர் பிறகு எங்களில் மிக நல்ல பணியாளராக ஆனார், அதையும் சொல்ல வேண்டும்.

அவர் விசுவாசம் எப்போதும் சமாதானமாக இருந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். பல வருடம் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. முடித்துவிட்டு சிற்றாலயத்துக்குப் போனவர் மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. சாயங்காலம் வராந்தாவில் பார்த்தபோது, "ஆண்டவர்கிட்ட சண்டை போட்டுட்டு வர்றேன் தம்பி" என்றார். மறுநாள் காலையில் செயற்கைக் கால் அளவெடுப்பதைப் பற்றித்தான் என்னிடம் பேசினார். சண்டை எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை.

2005 கடைசியில் ஒரு அறிவிப்பு வந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு நோய் இறங்கிவிட்டது, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் ஒழிந்தது என்று. மருந்தின் வெற்றி உண்மையிலேயே பெரியது, அவரும் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்தக் கணக்கில் மருந்து சாப்பிட்டு முடித்தவர்கள் வர மாட்டார்கள். பதிவேட்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்டுவிடும், மரத்துப்போன கால் மட்டும் சாகும்வரை கூடவே இருக்கும். செய்தியைப் படித்துவிட்டு உதவி செய்கிறவர்களும் குறைந்தார்கள். வார்டில் கட்டில்கள் காலியாயின. "நோயாளி குணமாயிட்டார், அவர் கால் இன்னும் குணமாகல. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று அவர் அடிக்கடி கேட்ட காலம் அது. இன்றைக்கும் நம் நாட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், உலகத்தில் பாதிக்கு மேல் இங்கேதான்.

கட்டில் குறைந்தபோது அவர் கிராமத்துக்குப் போக ஆரம்பித்தார். சுயபராமரிப்புக் குழு என்று சொல்வோம். பழைய நோயாளிகள் ஒரு இடத்தில் கூடி, வாளித் தண்ணீரில் காலை இருபது நிமிடம் ஊறவைத்து, சொரசொரப்பான கல்லால் தடித்த தோலைத் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவி, ஒருவர் காலை இன்னொருவர் பார்த்துச் சொல்வார்கள். கண் சரியாகத் தெரியாதவர் காலை அடுத்தவர் பார்ப்பார். டாக்டரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து யாருடைய காலையாவது பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு இடம் கொடுத்த வரைக்கும் போனார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கடையில் வாங்கியது மாதிரியான, பின்னால் வார் வைத்த செருப்புகள் நிறையத் தெரிந்தன. போட்டிருந்தவர்களில் பாதிப் பேர் சர்ச் வாசலை மிதிக்காதவர்கள்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். குழு கூடுகிற நாளில் மட்டும் போய்வருகிறேன். போன கூட்டத்துக்கு ஒரு பெரியவர் பழைய இடத்திலேயே புண்ணோடு வந்தார். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டு எழுதினாள். மாட்டுக்குப் புல் அறுக்க தினமும் வரப்பில் நடக்கிறார், சேற்றில் செருப்பு வழுக்குகிறது, அதனால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். வரப்பில் வழுக்காத அடிப்பாகம் வைத்துத் தைத்துத் தர முடியுமா என்று காலணிப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.