26 கேள்வியும் மிச்ச இடியப்பமும்

போன கிழமை கிளினிக்கில் இலக்கம் எடுத்துக்கொண்டு குந்தியிருந்தேன். கம்பஸ் பிள்ளை ஒருத்தி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். உடம்பு கூடின பெண்களின் வாழ்க்கைத் தரம் பற்றி ஆராய்கிறாளாம். உலக சுகாதார நிறுவனத்தின் படிவம், 26 கேள்வி. எல்லாம் கடந்த இரண்டு கிழமையைப் பற்றி. 1 முதல் 5 வரை ஒரு இலக்கம் சொன்னால் போதும்.

எனக்கு 49 வயது. உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 84 கிலோ. உயரத்துக்கு நிறை சரியோ என்று பார்க்கிற உடற்திணிவுச் சுட்டி, எங்களைப் போன்ற ஆசியாக்காரருக்கு 23 தாண்டினாலே கூடவாம்; எனக்கு 36. 53 கிலோவுக்கு இறங்க வேணும் என்கிறா கிளினிக் மிஸி. அதாவது 31 கிலோ. தங்கச்சியின் கடைசிப் பெடியன் அவ்வளவுதான் இருப்பான்.

"உங்கட தோற்றத்தை உங்களால ஏற்றுக்கொள்ள முடியுதா அன்ரி?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. விடிய மூன்று மணிக்கு எழும்பி வட்டக்கச்சிக் கடைகளுக்கு இடியப்பம் அவிக்கிறவளுக்குக் கண்ணாடி பார்க்க எங்கே நேரம்? மற்றவர்கள்தான் ஞாபகப்படுத்துவார்கள். சட்டை தைக்கிறவ துணி கூட வேணும் என்பா. பஸ்ஸில் நான் இருந்தால் பக்கத்து ஆள் ஒரு பெருமூச்சு விடும். முந்தி பலகையில் குந்தியிருந்து உரலைப் பிழிவேன். இப்போது முழங்கால் விடாது. மேசையில் தட்டை வைத்து நின்றபடி பிழிகிறேன். "3 போடு" என்றேன்.

நடக்கிறேனா என்றும் கேட்டாள். கிளினிக்கிலும் அதே கதைதான், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் கை வீசி நடக்க வேணுமாம். பொழுதுபட ஒரு தனிப் பொம்பிளை எங்கள் ஒழுங்கையில் கை வீசி நடந்தால் நாய் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அப்புறம் குரக்கன் மா, சிவப்பரிசி. கோதுமை மா வாங்குகிற காசுக்கு அதெல்லாம் கட்டாது. முருங்கையிலை வேலியில் சும்மா நிற்கிறது, அதை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

அந்த 26 கேள்விக்குள்ளும் வராத ஒன்று இருக்கிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் ஒரு மருத்துவக் கூடாரத்தில் என் நிறையைப் பார்த்தபோது 41 கிலோ. அதற்கு முன் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றதை நான் எழுதத் தேவையில்லை, எங்கட ஆக்களுக்குத் தெரியும். முகாமில் நிவாரண மாவும் சீனியும் பருப்பும் தந்தார்கள். ரொட்டி சுட்டோம், தேத்தண்ணிக்கு அள்ளிச் சீனி போட்டோம். உடம்பு தேறுகிறது என்று அப்போது எல்லோருக்கும் சந்தோஷம். ஊருக்கு வந்த பிறகும் தேறிக்கொண்டே போனது. பிறகு சீனி வருத்தம், பிறசர்.

அந்தக் கஞ்சி வரிசைக்குப் பிறகு சாப்பாட்டைக் கொட்ட எனக்குக் கை வராது. பிள்ளைகள் கோப்பையில் விட்டது, சட்டியடியில் ஒட்டினது, கடை திருப்பி அனுப்பின இடியப்பம், எல்லாம் எனக்குள்ளேதான் போகும். பசித்தா? இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு ஏழு இடியப்பம் காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சம்பல்கூட இல்லாமல் விழுங்கிவிடுவேன். பாதிச் சோறு சாப்பிடு என்கிற டொக்டருக்கு இதை எப்படிச் சொல்வது? அவர் கொப்பியை மூடுவதற்குள் அடுத்த இலக்கம் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவளுக்கும் விளங்கவில்லை.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்தேன், நாலு கோழி வாங்கி விட்டிருக்கிறேன். மிச்சத்தை அதுகளுக்குப் பிய்த்துப் போடுகிறேன். கொட்டின மாதிரியும் இல்லை. நேற்று ஏழில் ஐந்து கோழிக்கு, இரண்டு எனக்கு.