சத்தம் போடாத வால்வு

பழைய கார் இன்ஜினில் டிக் டிக் என்ற சத்தமும் மிஸ்ஸிங்கும் (ஒரு சிலிண்டர் வெடிக்காமல் தவறுவது) ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலைகாட்டினால், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். பட்டறையில் கேட்டாலும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மார்க் 4 அம்பாசிடருக்கும் அதே தீர்ப்புதான் வந்தது. பானெட்டைத் திறந்து அரை நிமிடம் காதைக் கொடுத்த ஒரு மெக்கானிக், “டாப்பெட் போயிடுச்சு சார், அதான் மிஸ் ஆகுது. இன்ஜினை இறக்கி ஃபுல்லா பண்ணிடலாம்” என்றார். (வால்வை அழுத்தித் திறக்கும் பாகங்களையும் அங்கே விடும் சிறு இடைவெளியையும் சேர்த்துத்தான் பட்டறையில் டாப்பெட் என்பார்கள்.) எந்தக் கருவியையும் கையில் எடுக்காமல் சொல்லப்பட்ட அந்த யோசனைக்குத் தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை.

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி சீரிஸ் இன்ஜின். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, புஷ் ராட், ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்), கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டெல்கோ (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டர்) என்று எல்லாமே கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடியவை. கம்ப்யூட்டரை மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படிக்க வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியாகச் சோதித்துத் தள்ளுவதற்கு இதைவிட இணக்கமான இன்ஜின் கிடைப்பது அரிது.

முதலில் சத்தத்தின் தாளத்தைக் கவனித்தேன். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு முறைதான் சுற்றும். ஆகவே நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங்கில் நிற்கும் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 400 தடவை, அதாவது நொடிக்கு ஆறு ஏழு தடவை திறந்து மூடுகிறது. வால்வுப் பக்கத்துச் சத்தம் அந்த நிதானத்தில்தான் வரும். பேரிங், பிஸ்டன் பக்கத்திலிருந்து வரும் சத்தம் அதைவிட வேகமாகவும் கனமாகவும் விழும், அதுவும் வண்டி பாரம் இழுக்கும்போது தடித்துக் கேட்கும். என் வண்டியில் கேட்டது மெல்லிய, நிதானமான, பாரத்துக்கு அசையாத சத்தம்.

ஆனால் டிக் என்று கேட்பதெல்லாம் டாப்பெட் அல்ல. காசிமேட்டுக் கடற்காற்று எட்டும் தெருவில் நிறுத்தப்படும் வண்டிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக் வயரையும் டெல்கோ மூடியையும்தான். உப்பும் ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்த மூடியில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் பக்கத்து உலோகத்துக்குத் தாவிவிடும். அந்தத் தாவல் டிக் டிக் என்று கேட்கும், சிலிண்டரும் மிஸ் ஆகும். சத்தத்தையும் மிஸ்ஸிங்கையும் சேர்த்தே தரக்கூடிய பழுது என்று பார்த்தால் இதுதான் முதல் வரிசையில் நிற்கிறது, செலவும் இதற்குத்தான் குறைவு. இரவில் தெருவிளக்கு மறையும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, வயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். என் வண்டியில் எதுவும் ஓடவில்லை. மூடியின் உட்புறத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதும் கரிக்கோடு ஏதும் இல்லை.

அடுத்தது எக்ஸாஸ்ட் கேஸ்கட், அதாவது புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் தகடு. அது கசிந்தாலும் டாப்பெட் போலவே தட்டும். ஆனால் இன்ஜின் குளிர்ந்திருக்கையில் ஓங்கிக் கேட்டு, இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கிவிடுவது அதன் வழக்கம். கசியும் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினால் அங்கே வெடிப்பு இல்லாததால் அந்தத் தட்டலும் தணிந்துவிடும், டாப்பெட் சத்தமோ அதைப் பொருட்படுத்தாது. என் இன்ஜினில் எந்த வயரைக் கழற்றினாலும் சத்தம் மாறவில்லை.

எண்ணூர் அசோக் லேலண்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ராக்கர் கவரில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு, ஃபேன் பக்கம் போகாமல் ஒவ்வோர் அங்குலமாக நகர்ந்தவர், ரேடியேட்டர் பக்கத்து முதல் சிலிண்டருக்கு மேலே நின்றார். “சத்தம் இங்கதான்பா வருது. ஆனா மிஸ்ஸிங்கும் இங்கதான்னு காதை வச்சு சொல்லாத, கேஜ் போட்டுப் பாரு” என்றார்.

ஆகவே சத்தத்தை அங்கேயே விட்டுவிட்டு மிஸ்ஸிங்கைத் தனியாக எடுத்துக்கொண்டேன். அது எப்போது வருகிறது என்பதே பாதி விடை. மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் மட்டும் மிஸ் ஆனால் பெரும்பாலும் பிளக், காயில், கண்டென்சர் என்று மின்சாரப் பக்கமே போக வேண்டும். ஐட்லிங்கில் குலுங்கி, வேகம் எடுத்ததும் சமாளித்துக்கொண்டால் காற்றுக் கசிவையோ கம்ப்ரஷனையோ (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம்) சந்தேகிக்கலாம். வேகத்தில் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று கசிந்து போக நேரம் குறைவு. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்தால் இந்த வண்டி உதறும், வழி கிடைத்ததும் ஒன்றும் நடக்காதது போல் ஓடும்.

காப்பிட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக நொடி நேரம் கழற்றிப் பார்த்ததில் ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றுக்கும் இன்ஜின் தளர்ந்தது; மூன்றாவது வயரைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. (பாயிண்ட் வைத்த பழைய இன்ஜினுக்குத்தான் இந்த முறை. எலக்ட்ரானிக் காயில் உள்ள வண்டியில் இதைச் செய்தால் காயில் போய்விடலாம், கையும் அதிரும்.) மூன்றாம் பிளக்கையும் வயரையும் இரண்டாவதோடு மாற்றிப் போட்டேன். கோளாறு அவற்றோடு இடம் மாறாமல் மூன்றாம் சிலிண்டரிலேயே நின்றது. சத்தம் முதல் சிலிண்டரில், மிஸ்ஸிங் மூன்றாவதில் என்ற நிலையில் மெக்கானிக் சொன்ன ஒற்றைக் காரணம் கைவிட்டுப் போயிற்று.

சைலன்சர் முனையில் ஒரு தாளைத் தொங்கவிட்டுப் பிடித்தது இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. நல்ல இன்ஜின் தாளை ஒரே சீராக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். என் வண்டியிலோ அது படபடத்து, இடையிடையே குழாயின் வாயோடு ஒட்டி உள்ளே இழுபட்டது. எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடவில்லை என்றால், பிஸ்டன் கீழிறங்கும்போது கார்புரேட்டர் வழியாக மட்டுமல்லாமல் சைலன்சர் வழியாகவும் காற்றை உறிஞ்சும். தாளை இழுத்தது அந்த உறிஞ்சல்தான்.

கம்ப்ரஷன் கேஜும் அதையே சொன்னது. மற்ற மூன்றும் 125 பிஎஸ்ஐ சுற்றுவட்டத்தில் நிற்க, மூன்றாவது 70-ஐத் தாண்டவில்லை. அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தபோதும் முள் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டியிருக்கும். பக்கத்துச் சிலிண்டர்கள் நன்றாக இருந்ததால் ஹெட் கேஸ்கட் இரண்டுக்கும் நடுவே உடைந்திருக்கவும் வாய்ப்பில்லை. கடைசியாக, பழைய பிளக்கின் உடம்பில் குழாய் பொருத்தி, பஞ்சர் கடை கம்ப்ரஸரிலிருந்து மூன்றாம் சிலிண்டருக்குள் காற்றை விட்டபோது, உஸ் என்ற சத்தம் சைலன்சரில் கேட்டது. அது கார்புரேட்டரில் கேட்டிருந்தால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டிருந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்திருந்தால் கேஸ்கட் என்று கொள்ள வேண்டும்.

ராக்கர் கவரைத் திறக்க வேண்டிய கட்டம் அப்போதுதான் வந்தது. இந்த இன்ஜினில் டாப்பெட் பார்க்க ‘ஒன்பது விதி’ என்று ஓர் எளிய கணக்கு உண்டு. முன்னாலிருந்து எண்ணினால் நான்காம் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் ஐந்தாவதையும், எட்டாவது திறந்திருக்கையில் முதலாவதையும் அளக்க வேண்டும். இரண்டு எண்ணும் கூடி ஒன்பது வந்தால் சரி. பிளக்குகளைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டுத் தள்ளினால் இன்ஜின் நமக்கு வேண்டிய அளவே சுற்றும். வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி 0.015 அங்குலம். சத்தம் போட்ட முதல் சிலிண்டரின் இன்டேக் ராக்கரில் அந்தக் கனமுள்ள ஃபீலர் தகடு (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) இதமாக நுழைந்தது, அளவு சரியாகவே இருந்தது. ராக்கரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, வால்வுத் தண்டின் தலை வந்து அடிக்கும் இடத்தில் நகம் பட்டால் தெரியும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. தட்டையான தகடு அந்தக் குழிக்கு மேலே பாலம்போல் கிடப்பதால் தகடு காட்டும் அளவைவிட உண்மையான இடைவெளி அதிகம். டிக் சத்தத்துக்கு அதுதான் காரணம், இன்ஜினின் ஓட்டத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஐந்தாம் வால்வில், அதாவது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்டில், தகடு நுழையவே இல்லை. அங்கே இடைவெளி என்ற ஒன்றே மிச்சமில்லை, அதனால்தான் அது சத்தமும் போடவில்லை.

இடைவெளி எங்கே போயிற்று என்பதற்கு விடை பெட்ரோலில் இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைக்கப்பட்ட இரும்பு ஹெட் இது. ஈயம் எரிந்து படியும் மெல்லிய படலம் வால்வுக்கும் அது மூடி உட்காரும் சீட்டுக்கும் நடுவே காப்பாக இருந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நிறுத்தப்பட்டபின் அந்தக் காப்பு இல்லை. (மூச்சு விடும் மனிதர்களுக்கு அது நல்லதே; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.) கடும் சூட்டில் வால்வின் முகம் சீட்டோடு நுண்ணிய அளவில் ஒட்டிப் பிரியும்போது சீட்டு சிறிது சிறிதாகப் பெயர்ந்து தேய்கிறது, வால்வு ஹெட்டுக்குள் புதைகிறது, அதன் தண்டு மேலே ஏறி ராக்கரை முட்டுகிறது. நகருக்குள் மெதுவாக ஓடும் வண்டியில் இந்தத் தேய்மானம் குறைவு. என் வண்டியோ முந்தைய உரிமையாளரிடம் திருப்பதி, வேளாங்கண்ணி என்று ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடிய வாடகை வண்டி. அதோடு இந்த ஹெட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் இரண்டும் நடுவில் ஒரே துவாரத்தில் சேர்வதால் சூடும் அங்கே அதிகம்.

டிக் சத்தம் கேட்டவுடன் காதை மட்டும் நம்பி, சத்தம் அடங்கும் வரை டாப்பெட்டை இறுக்கிக் கொடுக்கும் பழக்கத்தின் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இறுக்கம் கூடிய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அது தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியும். கடத்த வழியில்லாத வால்வு விளிம்பில் கருகி, கடைசியில் துண்டாகவே போய்விடும். டாப்பெட் சத்தத்தோடே ஓடும் புல்லட் மோட்டார்சைக்கிளை இந்தியாவில் தயாரித்த திருவொற்றியூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு டாப்பெட் சத்தத்துக்கு நாம் இப்படிப் பயப்படுவது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

இன்ஜினை இறக்காமல் ஹெட்டை மட்டும் கழற்றினோம். ஐந்தாம் வால்வின் விளிம்பில் ஓரிடத்தில் கருகிய வாய்க்கால் ஒன்று ஓடியிருந்தது. ஹெட் வெளியே வந்த பிறகு ஒன்றை மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பதால், நான்கு எக்ஸாஸ்ட் சீட்டுகளையும் லேத்துப் பட்டறையில் கடைந்தெடுத்து, ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கடின உலோக வளையங்களை இறுக்கிப் பொருத்தினார்கள். புது வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்து, சீட்டைச் சுற்றிச் சாம்பல் நிறக் கோடு அறுபடாமல் வரும் வரை பெரியவரே உட்கார்ந்து பார்த்தார். குழி விழுந்த ராக்கரைச் சாணை பிடிக்க அவர் சம்மதிக்கவில்லை. மேலே உள்ள கடினப் படலம் போய்விட்டால் சீக்கிரமே மறுபடி குழி விழும் என்றார். புதுப்பேட்டையில் கிடைத்த ராக்கர்களும் எங்கள் கண்ணுக்குத் திருப்தியாக இல்லை என்பதால் பழையதையே மாட்டியிருக்கிறோம். இப்போது மூன்றாம் சிலிண்டரின் கம்ப்ரஷன் மற்ற மூன்றோடு ஒட்டி நிற்கிறது, லாரிகளுக்குப் பின்னால் வண்டி உதறுவதில்லை. முதல் சிலிண்டரின் டிக் சத்தம் அப்படியே இருக்கிறது, நல்ல ராக்கர் கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். புது சீட்டுகள் அமர்ந்து படியும்போது இடைவெளி மாறும் என்பதால், அடுத்த ஆயில் மாற்றத்தின்போது எட்டையும் மறுபடி அளந்து, இன்று எழுதி வைத்த அளவுகளோடு ஒப்பிட வேண்டும்.