பாய்லர் மாற்றும் முன்

இங்கிலாந்தில் வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும் கேஸ் பாய்லரை மாற்றப் போகிறீர்களா? கிலோவாட் கூடினால் வீடு நன்றாகச் சூடாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் பல வீடுகளில் 10 கிலோவாட்டே தாராளம். தொட்டியில்லாமல் குழாயைத் திறந்ததும் நீரைச் சூடாக்கித் தரும் காம்பி பாய்லரில் 24, 30 கிலோவாட் என்று இருப்பது ஷவருக்கு உடனுக்குடன் வெந்நீர் தரத்தான். ஒரே நேரத்தில் இரண்டு குளியலறை ஓடும் வீடென்றால் வெந்நீரைச் சேமித்து வைக்கும் சிலிண்டர் (தொட்டி) வைத்த சிஸ்டம் பாய்லர்தான் சரி.

அப்புறம், கண்டென்சிங் பாய்லர் என்றாலும் ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து அந்த வெப்பமும் நமக்குக் கிடைக்கும். பல வீடுகளில் பொருத்துபவர்கள் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75, 80-இல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது! காம்பி என்றால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 60-க்குக் குறைத்த பிறகே பொருத்த வந்தவரை அனுப்புங்கள்.