‘இடுப்பு வலி’ என்றே ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்

“எங்கே வலிக்குது?” என்று கேட்டால் “இடுப்பில்” என்பேன். பார்த்த எல்லா டாக்டர்களிடமும் ஆறு வருடமாக இதையேதான் சொன்னேன். அந்த ஒரு சொல் உடம்பில் எவ்வளவு பெரிய இடத்தை வளைத்துப் போட்டிருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்கிற இடமும் இடுப்பு. குனிந்து நிமிரும்போது பிடித்துக்கொள்கிற கீழ் முதுகும் இடுப்பு. தொடை வந்து சேருகிற மூட்டும் இடுப்பு மூட்டு. என் வலி இந்த மூன்றுக்கும் நடுவில், வலது பக்கம் எங்கோ இருக்கிறது. இன்றுவரை அதற்குப் பெயர் கிடைக்கவில்லை.

விழவில்லை, பாரம் எதுவும் தூக்கவில்லை. 2019-ல் ஒரு நாள் வகுப்பில் போர்டில் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பினேன். வலது புட்டத்துக்குள் சுருக்கென்றது. அப்போது எனக்கு 35 வயது. ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் நின்றே பாடம் நடத்துகிறவள், நின்ற களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். நான் முதல் முறை டாக்டரிடம் போனதே ஐந்தாவது மாதம்தான்.

அவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தார். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு நசுங்கியிருந்தால் அப்போது கால் முழுக்க இழுக்கும். எனக்கு இழுக்கவில்லை. எக்ஸ்ரேயும் நார்மல். மாத்திரை கொடுத்தார், ஓய்வு எடுக்கச் சொன்னார். மறு வருடம் வேறொரு டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் ஒரு வரி: எல்4–எல்5-ல் லேசான டிஸ்க் பல்ஜ். அதாவது கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கிற டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது.

அந்த ஒரு வரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சரி, இதுதான், கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பெல்ட் கட்டினேன். குனியப் பயந்தேன். இரண்டு வருடம், கீழே விழுந்த சாக்பீஸைக்கூடப் பிள்ளைகளைத்தான் எடுத்துத் தரச் சொன்னேன். டிஸ்க் எந்த நேரமும் நழுவிவிடும் என்ற நினைப்பிலேயே நடந்தேன், உட்கார்ந்தேன். ஆனால் வலி மட்டும் இம்மியும் குறையவில்லை.

2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைப் பிற்பாடுதான் படித்தேன். 33 ஆய்வுகளிலிருந்து, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டியிருக்கிறார்கள். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கிறது. நாற்பது வயதில் சரிபாதி. எண்பது வயதில் 84 சதவீதம். என் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தேன். டிஸ்க் பிதுங்கியிருப்பது உண்மைதான். என் வலிக்கு அதுதான் காரணம் என்று அந்தக் காகிதத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது அது.

பகலை எப்படியோ ஓட்டிவிடலாம். கஷ்டம் ராத்திரியில்தான். மல்லாக்கப் படுத்திருந்துவிட்டு இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றால், தூக்கத்திலேயே உடம்பு ஒரு நொடி நின்றுவிடும். முதலில் முட்டிகள் இரண்டையும் மெதுவாக மடக்க வேண்டும். அப்புறம் வலது கையால் வலது தொடையைப் பிடித்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, கட்டையை உருட்டுவதுபோல உருள வேண்டும். இடுப்பு ஒரு விரற்கடை பின்தங்கினாலும் உள்ளே பளிச்சென்று வெட்டும். திரும்பி முடித்ததும் முட்டிகளுக்கு நடுவே தலையணையைத் தேடி வைக்க வேண்டும். அதற்குள் முழுசாக விழித்திருப்பேன். ஓர் இரவில் இது ஐந்தாறு முறை நடக்கும். காலையில் “நல்லாத் தூங்கினீங்களா?” என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

நான்காவது வருடம் வாத நோய் நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட கேள்விகளே வேறு மாதிரி இருந்தன. எழுந்ததும் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதா? நடந்தால் குறைகிறதா, படுத்தால் குறைகிறதா? பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா? நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி, ஓய்வில் கூடி, நடமாட்டத்தில் குறைகிற வலி என்றால் முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஹெச்எல்ஏ-பி27 என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்கு நெகட்டிவ். நெகட்டிவ் என்பதாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, பாசிட்டிவ் வருகிற பெரும்பாலானவர்களுக்கு அந்த நோய் வருவதும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அதனால் முதுகின் அடி எலும்பும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டுகளுக்குத் தனியாக எம்ஆர்ஐ எடுத்தோம். அதுவும் சுத்தமாக இருந்தது.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். “ஒண்ணுமில்லைன்னா சந்தோஷம்தானே?” என்றார் கணவர். அவர் அன்பாகத்தான் சொன்னார். கொடிய நோய் எதுவும் இல்லை என்பதில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் படத்தில் ஒன்றும் இல்லை என்பதும் உடம்பில் ஒன்றும் இல்லை என்பதும் வேறு வேறு. அதை அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. மெதுவாக, இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். புரிந்துகொண்டார்.

அன்று வார்த்தை வராததால்தான் நோட்டு போட்டேன். வலிக்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை, நான்தான் எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒன்றிலேயே அடைத்து வைத்திருந்தேன். உட்கார்ந்தே இருந்தால் புட்டத்துக்குள் வருவது குடைச்சல். காரிலிருந்து காலை எடுத்து வெளியே வைக்கும்போது தொடை இடுக்கில் வருவது குத்தல். நான்காவது பீரியடில் கீழ் முதுகில் வருவது பிடிப்பு. மாலையில் இடுப்பின் பக்கவாட்டில் கடுகடுப்பு. எந்த இடம், எந்த வகை, என்ன செய்தபோது, எவ்வளவு நேரம் என்று தினமும் மூன்று நான்கு வரி எழுதினேன். பத்துக்கு எத்தனை என்ற எண்ணையும் எழுதினேன். எண்ணைவிட, சொல்தான் எனக்கு உதவியது. ஒரு மாதம் எழுதியபிறகு பார்த்தால் ஒரு வலி இல்லை, குறைந்தது இரண்டு இருந்தன. இரண்டும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை.

அந்த நோட்டோடு போன வருடம் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். “இடுப்புன்னு சொல்லாதீங்க, கையை வெச்சுக் காட்டுங்க” என்றார். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் தொடை இடுக்கில் இருக்கும்படி பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. இடுப்பு மூட்டுக்குள் கோளாறு உள்ள பலரும் இப்படித்தான் பிடித்துக் காட்டுவார்களாம். படுக்க வைத்து, முட்டியை மார்புப் பக்கம் மடக்கி, உள்பக்கமாகச் சாய்த்துக் காலைத் திருப்பினார். அந்த நொடி, காரிலிருந்து இறங்கும்போது வருகிற அதே குத்தல். வலியில் கத்தினேன், ஆனால் கண்ணில் வந்த நீர் வேறு. ஐந்து வருடத்தில் முதல்முறையாக என் வலியை இன்னொருவர் கையால் தொட்டிருந்தார். அதுவரை எல்லாரும் முதுகைத்தான் பார்த்தார்கள், மூட்டை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

மூட்டின் எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் உறுதியாக எதுவும் தெரியவில்லை. அப்புறம் மூட்டுக்குள்ளேயே மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். வலி மூட்டிலிருந்து வந்தால், மருந்து வேலை செய்கிற சில மணி நேரம் அது அடங்க வேண்டும். வழக்கமாக வலிக்கிற எல்லாவற்றையும் அப்போது செய்து பார்க்கச் சொன்னார்கள். படி ஏறினேன், காரில் ஏறி இறங்கினேன், குனிந்து காலுறை போட்டேன். முன்பக்கக் குத்தல் சுத்தமாக இல்லை. பின்பக்கக் குடைச்சல் அப்படியே இருந்தது.

ஆக, பாதிதான். இடுப்பு மூட்டும் முதுகும் சேர்ந்து ஆளைக் குழப்புவதற்கு 1983-லேயே ஆஃபியர்ஸ்கி, மக்னாப் என்ற இரண்டு மருத்துவர்கள் ‘ஹிப்–ஸ்பைன் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதானா என்று யாரும் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் இந்த முறை அவசரப்பட்டு ஒரு பெயரைப் பிடித்துக்கொள்வதாக இல்லை.

பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. உடற்பயிற்சியைச் சேர்த்திருக்கிறார்கள். தினமும் இருபது நிமிடம் செய்கிறேன். சாக்பீஸை நானே எடுக்கிறேன். வகுப்பில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் யாரும் நோட்டில் எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வலி வந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

“நேத்து நல்லாத்தானே நடந்தீங்க?” என்று சக ஆசிரியை கேட்கும்போது இன்னும் மனசு சுருங்குகிறது. நேற்று நன்றாக நடந்தது உண்மை. இன்று முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டும் நோட்டில் இருக்கின்றன.

நேற்று இரவு இரண்டு முறைதான் விழித்தேன். இடது பக்கம் திரும்பும்போது முன்னால் குத்தவில்லை, பின்னால் மட்டும் குடைச்சல், பத்து நிமிடத்தில் அடங்கியது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது முதலில் இதைத்தான் வாசித்துக் காட்டப்போகிறேன்.