எழுத்துப் பலகை சொல்லாத குறை

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய். பாடசாலைக் காலத்தில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, ஓரப் பார்வையைச் சிறிது சிறிதாக அரித்து, இன்று 26 வயதில் ஒரு குழாயின் வழியே நோக்குவது போன்ற நடுப்பார்வையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. அந்த நடுப்பார்வை ஓரளவு தெளிவாக இருப்பதால், கிளினிக்கின் எழுத்துப் பலகையில் பல வரிகளை வாசித்துவிடுவேன். ஆனால் காலடியில் கிடக்கும் பந்து எனக்குத் தெரியாது. பேருந்தில் வெள்ளைப்பிரம்போடு ஏறிக் கைப்பேசியைப் பார்த்ததற்காக, நடிக்கிறேன் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

பகுதிப் பார்வையுள்ளோருக்கான சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி ஒன்றிற்கான குழுவில் என் பெயர் சேர்ந்தபோதும் இதே சந்தேகத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. பார்வையற்றோர் விளையாட்டுக்களை நிர்வகிக்கும் சர்வதேசச் சம்மேளனம், பார்வைக் குறைவு எவ்வளவு கடுமையானது என்பதைப் பொறுத்து, வீரர்களை பி1, பி2, பி3 என வகுக்கிறது; மிகக் கடுமையானது பி1. 2004 ஏதென்ஸ் முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறுவது பி1 ஆட்டமே. அதில் களத்தில் ஓடும் நால்வரும் கண்களை முழுதாக மறைத்துக்கொண்டு, ஒலியெழுப்பும் பந்தைத் தேடி ஆடுவார்கள். எங்களுடையது பி2, பி3 வீரர்கள் கண்ணை மறைக்காமல், சாதாரணப் பந்தோடு, உள்ளரங்க உதைபந்தாட்ட விதிகளைத் தழுவி ஆடுவது. இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில், கண்ணாடி அணிந்த நிலையில், பார்வைப் புலத்தின், அதாவது நேராக நோக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பரப்பின், விட்டம் 10 பாகைக்குக் குறைவென்றால் பி2. 40 பாகைக்குக் குறைவென்றால் பி3. எழுத்துக்களை வாசிக்கும் திறன் மிகக் குறைந்தவர்களுக்கும் இவ்வகைகளில் இடமுண்டு. எனக்கோ புலம் ஒன்றுதான் வழி.

இந்த வகைப்படுத்தலுக்கு, கண் வைத்தியர் நிரப்பிக் கையொப்பமிட வேண்டிய படிவத்தோடு, 12 மாதங்களுக்குள் எடுத்த புலப் பரிசோதனை அறிக்கையும் இணைக்கப்பட வேண்டும். நான் பணம் கட்டி முதலில் எடுத்தது நடுவிலுள்ள 24 பாகையை மட்டும் அளக்கும் பரிசோதனை. பெரும்பாலும் அதையே எடுப்பார்கள் என்பதால் எவருக்கும் ஐயம் எழவில்லை. முழுப் புலத்தையும், குறைந்தது 80 பாகை வரை, அளந்த அறிக்கைதான் தேவை என்று சொல்லி ஆவணங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று கோபம்தான் வந்தது. பிறகு வைத்தியர் விளக்கினார்: இந்த நோயில் நடுவைச் சுற்றிலும் இருண்டுபோன பின்பும், வெகு ஓரத்தில் தீவு போல் பார்வை எஞ்சியிருக்கலாம், அதையும் தேடிப் பார்க்காமல் எவருக்கும் வகை சொல்ல முடியாது. அது நியாயமாகவே பட்டது.

அந்த முழுப் புலப் பரிசோதனைக்காகத் திருகோணமலையிலிருந்து இரவு புகையிரதத்தில் அண்ணாவோடு கொழும்புக்குப் போனேன். மாலைக்கண் உள்ளவனுக்கு இரவுப் பயணம் எப்படியிருக்கும் என்பது அண்ணாவின் தோளுக்குத்தான் தெரியும். அங்கே ஒரு கண்ணை மூடி, கிண்ணம் போன்ற கருவிக்குள் தாடையை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினேன். வெகுநேரம் ஒன்றுமே தெரியாமல் காத்திருந்தபோது, எத்தனை புள்ளிகள் வந்து போயின என்று எண்ணத் தோன்றியது; அந்த அரை மணி நேரம்தான் இந்த முயற்சியிலேயே மிகக் கடினமானது. அறிக்கையில் இரு கண்களுக்கும் விட்டம் 10 பாகைக்கு உள்ளேயே நின்றது.

போட்டி நடந்த நாட்டில், ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பு, இரண்டு வகைப்படுத்துநர்கள் என்னைச் சோதித்தார்கள். எழுத்துப் பலகையை நான் வாசித்ததைக் கேட்டு அவர்கள் முகம் சுளிக்கவில்லை. அறிக்கையைப் பார்த்து, தாங்களும் சோதித்து, பி2 என்று எழுதி, நோய் கூடக்கூடியது என்பதால் மறுபரிசோதனைக்கும் ஓர் ஆண்டைக் குறித்தார்கள். களத்தில் எப்போதும் பி2 வீரர் இருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பயிற்றுவிப்பாளர் என் முதுகில் தட்டியதற்கு அதுவே காரணம்.

ஊர் திரும்பிய பின், மூதூரிலிருந்து ஓர் அக்கா இதே நோயுள்ள தன் மகனை அழைத்து வந்தார். "தம்பி, வைத்தியரிடம் என்னவென்று கேட்க வேண்டும்?" என்றார். "முழுப் புலம், 80 பாகை அக்கா," என்றேன். மகனின் கிளினிக் கொப்பியின் அட்டையில் அதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.