உட்கரு பாடத்தைத் தலைகீழாகப் படியுங்கள்

பிளஸ் ஒன்னில் செல் பாடத்துக்கு வந்ததும் "உட்கரு செல்லின் கட்டுப்பாட்டு மையம்" என்று எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுவோம். சிறுவினாவுக்கு அது போதும். நீட்டில் கூற்று, காரணம் என்று கேட்டால் கைகொடுக்காது. உட்கரு இல்லாவிட்டால் செல் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டுப் படித்த பிறகுதான் எனக்குப் பாடம் பிடிபட்டது.

நம் ரத்தச் சிவப்பணு முதிர்ந்ததும் உட்கருவை இழந்துவிடுகிறது. அதன்பின் ஆக்சிஜனைச் சுமக்கும், ஆனால் புதுப் புரதம் செய்யாது, பிரியவும் செய்யாது; சுமார் 120 நாளில் அதன் ஆயுள் முடிகிறது. தாவரத்தில் உணவைக் கடத்தும் சல்லடைக் குழாய்ச் செல்லுக்கும் முதிர்ந்ததும் உட்கரு இல்லை; அதுவோ பக்கத்துத் துணைச் செல்லின் உட்கருவை நம்பி உயிர் வாழ்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அசெட்டபுலேரியா. ஒரே செல்லாலான கடற்பாசி. அடியில் உட்கரு, மேலே குடை. ஜெர்மன் உயிரியலாளர் ஹாமர்லிங் 1930களில் ஓர் இனத்தின் தண்டை வேறோர் இனத்தின் அடிப்பகுதியில் ஒட்டினார். முதலில் வந்த குடை சில சமயம் இரண்டும் கலந்த வடிவில் இருந்தது. அதை வெட்டியதும் அடுத்து முளைத்த குடை, உட்கரு எந்த இனமோ அந்த இனத்தின் வடிவிலேயே வந்தது! முதல் குடையில் கலப்பு ஏன்? பழைய உட்கரு ஏற்கெனவே அனுப்பிய, அதன் கட்டளையைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. தண்டில் மிச்சமிருந்தது. கட்டளை உட்கருவில் பிறக்கிறது, புரதம் உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. புரதம் உட்கருவுக்குள் தயாராகிறது, டி.என்.ஏ. முழுவதும் உட்கருவில்தான் இருக்கிறது என்ற விடைகளைத் தவறென்று தயங்காமல் அடித்துவிடுங்கள். மைட்டோகாண்டிரியாவிலும் பசுங்கணிகத்திலும் டி.என்.ஏ. உண்டு.

ராபர்ட் பிரவுன் 1831இல் உட்கருவுக்குப் பெயரிட்டது ஆர்க்கிட் செல்களைப் பார்த்துத்தான். கொடைக்கானல் பிள்ளைகளுக்கு ஆர்க்கிட் புதிதல்ல, ஷெண்பகனூரில் பார்த்திருப்பீர்கள்.

செல் பிரிவதைப் பார்க்கும் செய்முறைக்கு வெங்காய வேர்நுனி சொல்வார்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் வீட்டில் இருக்கும் மலைப்பூண்டிலும் செய்து பாருங்கள். இரண்டுக்கும் குரோமோசோம் 16தான். குளிரில் வேர் மெதுவாக வரும், பூண்டு வைத்த தண்ணீர் டம்ளரை அடுப்படிப் பக்கம் வையுங்கள். ஸ்லைடில் உட்கரு உறை எந்த நிலையில் மறைகிறது, எதில் திரும்புகிறது என்பதை மட்டும் தேடுங்கள். பரீட்சையில் படம் வரையும்போது உறையை இரட்டைக் கோடாகப் போட்டு, துளைகளுக்கு இடைவெளி விட்டு, வெளிக்கோட்டை எண்டோபிளாச வலையுடன் இணையுங்கள்.